மைக்கறை படிந்த இரண்டு பக்கங்கள்

பள்ளி ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று தலைமைச் சகோதரி அவர்கள் கேட்டபோது, எதை எழுதுவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்து, கூச்சத்தினால் தள்ளிப்போட்டு வந்த செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அது இலத்தீன் இலக்கணத்தைப் பற்றியது. என் குற்றம் ஒன்றைப் பற்றியதும்கூட. இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியாது. ஆகவே, அன்புத் தங்கைகளே, இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

1976-ஆம் ஆண்டு. நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி; பாடகர் குழுவில் பன்னிருவருள் ஒருத்தி. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பிறகு பூசை தமிழில் வந்துவிட்டது. ஆயினும் பெருவிழா நாட்களில், மாலை நற்கருணை ஆசீரின்போது மட்டும், நாங்கள் இரண்டொரு இலத்தீன் பாடல்களைப் பாடுவோம். பாடல் பயிற்சி அளித்தவர் மூத்த சகோதரி ஒருவர். நவசந்நியாசத்தில் இலத்தீன் கற்றவர். தடித்த கண்ணாடி, மெல்லிய குரல். அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு: பொருள் தெரியாமல் ஒரு சொல்லைக்கூடப் பாடக்கூடாது. “கிளிக்கும் பாடச் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் கிளி செபிக்காது” என்பார். அதனால் சனிக்கிழமை தோறும் பாட்டு முடிந்ததும் அரைமணி நேரம் இலத்தீன் வகுப்பு நடக்கும்.

அவரிடம் கறுப்பு அட்டை போட்ட பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. தம் இளமையில் அவரே கைப்பட எழுதியது. அதில் இரண்டு பக்கங்களுக்கு ‘சொல்லுதல்’ என்று தலைப்பிட்டு, வாயால் செய்கின்ற வினைகளையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அந்த மழைக்காலம் முழுவதும் எங்களுக்கு அந்த இரண்டு பக்கங்கள்தான் பாடம்.

முதல் சொல் ‘தீகோ’. ‘சொல்கிறேன்’ என்று பொருள். ஆனால் அதன் வேர்ப்பொருள் ‘சுட்டிக்காட்டுதல்’ என்றார் சகோதரி. சுட்டுவிரலுக்கு இலத்தீனில் ‘இந்தெக்ஸ்’ என்று பெயர். நீதி இன்னதென்று சுட்டிக்காட்டுகிறவருக்கு ‘யூதெக்ஸ்’, அதாவது நீதிபதி. இரண்டிலும் ஒளிந்திருப்பது ‘தீகோ’வின் வேர்தான். வடமொழியில் ‘திச்’ என்ற வேரும் இதற்கு உடன்பிறப்பு. அதிலிருந்து வந்தவைதாம் நாம் வழங்கும் திசை, உபதேசம் என்ற சொற்கள். “ஞானோபதேச வகுப்புக்குப் போகிறீர்களே, அங்கே உங்களுக்குத் திசை காட்டுகிறார்கள்” என்று அவர் சொன்னபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

அடுத்தது ‘லோக்குவோர்’, ‘பேசுகிறேன்’ என்பது. பொருளை வரையறுத்து எடுத்துரைப்பது ‘தீகோ’. வாய்திறந்து உரையாடுவதெல்லாம் ‘லோக்குவோர்’. நாவலரான சிசெரோ கி.மு. 46-இல் எழுதிய ‘ஓராத்தோர்’ என்ற நூலில், இவ்விரண்டும் ஒன்றல்ல என்று பிரித்துக் காட்டுகிறார். அவர் கருத்தில் மேடையில் சொற்பொழிவாற்றுவது ஒன்று; கூடிப் பேசுவது வேறொன்று. சகோதரி இதை இன்னும் எளிதாக்கினார்: “ஆசிரியை வராத வகுப்பில் நீங்கள் செய்வது லோக்குவோர். பரீட்சையில் செய்ய வேண்டியது தீகோ.”

பிறகு ஒரு ஜோடி: ‘ஆயோ’, ‘நேகோ’. முன்னது ‘ஆம் என்கிறேன்’. பின்னது ‘இல்லை என்கிறேன்’. நம் ‘ஆம்’ போல ஒலிப்பதைக் கண்டு உறவு கொண்டாட வேண்டாம் என்று எச்சரித்தார், அது தற்செயல். ஆனால் வேறோர் ஒற்றுமை உண்டு. ‘வந்தாயா?’ என்றால் ‘வந்தேன்’ என்று வினையையே திருப்பிச் சொல்கிறோம் அல்லவா? ‘ஆம்’ என்பதற்குத் தனிச்சொல் ஒன்றை நம்பியிராத ரோமானியர்களும் பெரும்பாலும் அப்படித்தான் விடையளித்தார்கள். தெரென்ஸ் என்பவர் கி.மு. 161-இல் அரங்கேற்றிய நாடகம் ஒன்றில் க்னாத்தோ என்னும் ஒட்டுண்ணி வருகிறான். பணக்காரர் எதை மறுத்தாலும் தானும் மறுத்து, எதை ஆமென்றாலும் தானும் ஆமென்று வயிறு வளர்ப்பவன். இந்த இரண்டு வினைகளையும் வைத்தே அவன் தன் தொழிலை விளக்குகிறான். நம் ஊர் ‘ஆமாம் சாமி’தான்!

‘இன்குவித்’ என்றொரு சொல்லும் உண்டு. ‘என்றான்’, ‘என்றாள்’ என்று பொருள். நாம் பேச்சு முழுவதும் முடிந்த பிறகு ‘என்றாள்’ போடுகிறோம். இலத்தீனிலோ, பேச்சின் முதல் ஓரிரு சொற்கள் கழிந்ததும் நடுவில் புகுந்துகொள்ளும்.

இத்தனை நுட்பம் எதற்கு என்று ஒருத்தி அலுத்துக்கொண்டாள். “ஏன், தமிழில் இல்லையா?” என்றார் சகோதரி. சொல்லுதல், கூறுதல், உரைத்தல், மொழிதல், செப்புதல், பகர்தல், அறைதல் என்று கரும்பலகை நிறைய எழுதினார். தொல்காப்பியர் வினாவுக்குரிய விடையைச் ‘செப்பு’ என்கிறார். ‘ஈ’, ‘தா’, ‘கொடு’ என்ற மூன்றையும், கேட்பவர் தாழ்ந்தவரா, ஒத்தவரா, உயர்ந்தவரா என்று பார்த்துப் பிரிக்கிறார். இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர், தம்மைப் போன்ற குருக்களுக்காகப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை இலத்தீனிலேயே எழுதினார். “இரண்டு மொழிகளும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஒரே மேசையில் அமர்ந்தவை. நீங்கள் ஏன் அஞ்சுகிறீர்கள்?” என்று முடித்தார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. மறுநாள் வகுப்புக்காகச் சொற்களைப் பார்த்து எழுதலாம் என்று பாட்டறைக்குப் போனேன். நோட்டு ஆர்மோனியத்தின் மேல் இருந்தது. ‘சொல்லுதல்’ பக்கங்களை விரித்து வைத்தேன். பேனாவில் மை தீர்ந்திருந்தது. மைக்கூட்டைத் திறந்து பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிரப்பினேன். தாவணித் தலைப்பு பட்டதோ, முழங்கை பட்டதோ, இன்றுவரை தெரியாது. மைக்கூடு சாய்ந்தது. நீல மை இரண்டு பக்கங்களிலும் பாய்ந்து அடுத்த தாள்களிலும் ஊறியது. கையில் கிடைத்த துணியால் ஒற்றினேன், இன்னும் பரவியது. அந்த அழகிய கையெழுத்தில் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு ஓடினேன்.

மறுநாள் சகோதரி நோட்டைத் திறந்தார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இது எப்படி நடந்தது என்று யாருக்காவது தெரியுமா, பிள்ளைகளே?” என்று மட்டும் கேட்டார். ஒவ்வொருத்தியாகத் ‘தெரியாது’ என்றார்கள். என் முறை வந்தது.

“எனக்குத் தெரியாது, சிஸ்டர். நான் நேற்று இந்தப் பக்கமே வரவில்லை.”

கேட்காததற்கும் சேர்த்துப் பதில் சொன்னேன். பொய் எப்போதும் சற்று அதிகமாகவே பேசும்.

பாட்டறைச் சாவி எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் இருந்தது. விடுதியில் கட்டணமின்றித் தங்கிப் படித்தவள். மாலையில் அறையைப் பெருக்கிப் பூட்டுவது அவள் பொறுப்பு. எனக்கு மிகவும் வேண்டியவள். பாட்டில் என் பக்கத்தில் நிற்பவள். அவளும், “நான் செய்யவில்லை, சிஸ்டர்” என்றாள். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சகோதரி எவரையும் குற்றம் சாட்டவில்லை. ஆனால் வகுப்பு சாட்டியது. “அவள்தானாம்.” “சாவி அவளிடம்தானே இருந்ததாம்.” “பயந்துபோய் மறைக்கிறாளாம்.” நம் தமிழில் இந்த ‘ஆம்’ என்ற விகுதி எவ்வளவு வசதியானது பாருங்கள்! அதை ஒட்டிவிட்டால் செய்திக்குப் பொறுப்பாளி யாருமில்லை. திங்கட்கிழமை சாவி வேறொருத்தியிடம் போயிற்று. அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். உணவு வேளையில் அவள் தனியே அமர்ந்தாள். நான் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடர்ந்தது. நோட்டு பாழானதால் சகோதரி நினைவிலிருந்தே நடத்தினார். அன்றைய சொல் ‘ஃபாரி’. பேசுதல் என்பதற்குப் பழமையான வினை. பேச இயலாத குழந்தை ‘இன்ஃபான்ஸ்’. சொல்லி வைக்கப்பட்ட விதி ‘ஃபாத்தும்’. ஊரார் பேச்சு ‘ஃபாமா’. வர்ஜில் தம் காவியத்தின் நான்காம் பகுதியில் இந்த ஃபாமாவை ஒரு பூதமாகப் படைத்திருக்கிறார். அதன் உடம்பில் எத்தனை இறகுகளோ அத்தனை கண்கள், அத்தனை நாக்குகள், அத்தனை செவிகள்! சகோதரி இதைச் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். நான் தலை குனிந்துகொண்டேன். அந்தப் பூதத்துக்குத் தீனி போட்டவள் நான்தானே.

அதற்கடுத்த வாரம் ‘நேகோ’வுக்குத் திரும்பினார். இராயப்பர் தம் ஆண்டவரை மறுதலித்த இடத்தை எடுத்துக்கொண்டார். “மத்தேயு சுவிசேஷத்தைப் பாருங்கள். வேலைக்காரப் பெண் முதல் முறை கேட்டபோது இராயப்பர் ‘இல்லை’ என்று சொல்லவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்றே தமக்குத் தெரியாது என்றுதான் சொன்னார். சுவிசேஷகர் அதை விடவில்லை. இலத்தீனில் அதற்கு அவர் போடும் வினை ‘நெகாவித்’, மறுத்தார் என்பது. ‘தெரியாது’ என்பதும் சில வேளைகளில் ‘நேகோ’தான்.”

என் காதுகள் சூடாயின. அவர் என்னைப் பார்த்துச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. தொடர்ந்து மௌனத்துக்கான இரண்டு வினைகளைச் சொன்னார். ‘சிலேயோ’ என்பது இரவும் காடும் ஓசையின்றி இருப்பது. ‘தாச்சேயோ’ என்பது பேசத் தெரிந்தவர் பேசாமலிருப்பது. மூன்று வாரமாக நான் செய்துகொண்டிருந்ததற்கு இலத்தீனில் தனியே ஒரு வினைச்சொல் இருந்தது!

கடைசியாக அவர் கரும்பலகையில் எழுதியவை ‘ஃபாத்தேயோர்’, ‘கொன்ஃபீத்தேயோர்’. முன்னது ‘ஒப்புக்கொள்கிறேன்’, பின்னது அதையே முழுமையாக, ஒளிவின்றிச் செய்வது. பூசையின் தொடக்கத்தில் நாம் சொல்லும் பாவ அறிக்கைக்கு இலத்தீனில் இதுவே பெயர், இதுவே முதல் சொல். “இந்த வினைகளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. உருவத்தில் செயப்பாட்டுவினை, பொருளில் செய்வினை. லோக்குவோரும் அப்படித்தான். இலக்கணக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனாலும் எனக்கு ஒன்று தோன்றுகிறது. பாவத்தை ஒப்புக்கொள்ளும்போது சொல்வது நாம்தான். ஆனால் அதில் நமக்கும் ஏதோ செய்யப்படுகிறது” என்றார்.

எல்லோரும் போன பிறகு நான் நின்றேன். சகோதரி ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருந்தார்.

“சிஸ்டர், அந்த நோட்டில் மை கொட்டியது நான்தான்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திட்டை எதிர்பார்த்தேன்.

“இந்த வாக்கியத்துக்கு என்ன வினை, பிள்ளை?”

“ஃபாத்தேயோர், சிஸ்டர்” என்றேன் அழுதுகொண்டே.

“சரி. ஆனால் அது என் காதோடு நிற்கிறது. அந்தப் பிள்ளை இன்னும் தனியாகத்தானே சாப்பிடுகிறாள்? அவள் செய்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை நான் வகுப்பில் சொல்லவில்லை. அது என் தாச்சேயோ. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு இன்னொரு வினை பாக்கி இருக்கிறது.”

சுண்ணக்கட்டியை எடுத்து ‘அஸ்ஸேரோ’ என்று எழுதினார். ‘உறுதியாகச் சொல்கிறேன்’ என்று இன்று பொருள் கொள்கிறோம். ஆனால் ரோமானியச் சட்டத்தில் அது வெறும் பேச்சன்று. சுதந்திரமானவன் ஒருவன் அநியாயமாக அடிமை நிலையில் வைக்கப்பட்டால், அவன் தனக்காகத் தானே வழக்காட முடியாது. அவன் சொல் அம்பலம் ஏறாது. சுதந்திரக் குடிமகன் ஒருவர் முன்வந்து, அவன்மேல் கைவைத்து, ‘இவன் சுதந்திரமானவன்’ என்று உரிமை கூற வேண்டும். அந்தச் செயலுக்குப் பெயர் அஸ்ஸேரோ. அதே சொல் தீமைக்கும் பயன்பட்டதுண்டு. பள்ளிக்கூடங்கள் இருந்த சந்தைவெளிக்கு வந்த விர்ஜீனியா என்ற பெண்ணை, அடிமை என்று பொய்யாக உரிமை கோரி ஒருவன் கைவைத்ததை லிவியுஸ் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

“அவள் ‘நான் செய்யவில்லை’ என்று சொன்னாள். உண்மையைத்தான் சொன்னாள். ஏன் எடுபடவில்லை? அவள் பெருக்குகிற பிள்ளை. சாவி வைத்திருந்த பிள்ளை. அவள் வாயால் அவள் விடுபட முடியாது. ஒருத்தி கைவைத்துச் சொல்ல வேண்டும்.”

திங்கட்கிழமை காலைச் செபத்துக்குப் பள்ளி முழுவதும் கூடியிருந்தது. சகோதரி தலைமைச் சகோதரியிடம் அனுமதி பெற்றிருந்தார். நான் வரிசையிலிருந்து வெளியே வந்து அவளிடம் போனேன். விஷயம் தெரியாமல் அவள் திகைத்தாள். அவள் கையைப் பிடித்து முன்னால் அழைத்துப் போனேன். என் கை குளிர்ந்திருந்தது; அவள் கை நடுங்கியது. மூன்று வாக்கியங்கள் சொன்னேன்: மை கொட்டியது நான், பொய் சொன்னதும் நான், இவளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவ்வளவுதான். பிறகு சகோதரியும் முன்வந்து, தாம் பேச வேண்டிய நேரத்தில் பேசாதிருந்ததற்காக அந்த மாணவியிடம் எல்லார் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார். பெரியவர் ஒருவர் சிறு பெண்ணிடம் அப்படிப் பேசியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கதை இங்கே இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வரிசைக்குத் திரும்பும்போது அவள் என் காதருகே, “அன்றைக்கே சொல்லியிருந்தால் என்னடி?” என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. சாவி அவளிடம் திரும்பி வந்தது. உணவு வேளையில் அவளைச் சுற்றிக் கூட்டமும் கூடியது. ஆனால் என் பக்கத்தில் வந்து நின்று பாட அவளுக்கு அந்த ஆண்டு முழுவதும் ஆயிற்று. நான் மூன்று வாரம் தாமதித்தேன். அவள் சில மாதங்கள் எடுத்துக்கொண்டாள். கணக்கு நியாயமானதே.

எனக்குத் தண்டனையாக ஒன்று கிடைத்தது. பாழான இரண்டு பக்கங்களையும் சகோதரி சொல்லச் சொல்ல நான் புதுத் தாளில் எழுதி நோட்டில் ஒட்ட வேண்டும். கறைபட்ட தாள்களைக் கிழிக்க அவர் சம்மதிக்கவில்லை. “இருக்கட்டும், அதுவும் பாடந்தான்” என்றார். பின்னாளில் நான் தமிழாசிரியை ஆனபோது அந்த நோட்டை எனக்கே கொடுத்தார். அவர் இறைவனடி சேர்ந்து ஆண்டுகள் பலவாயிற்று. நோட்டு என்னிடம் இருக்கிறது. நீல மை இப்போது சாம்பல் நிறமாகிவிட்டது.

அந்தப் பக்கங்களின் ஓரத்தில் நானாகச் சேர்த்த குறிப்புகள் சில உண்டு. அவற்றுள் இரண்டை உங்களுக்குச் சொல்கிறேன்.

ஒன்று: ‘கொன்ஃபீத்தேயோர்’ என்ற வினைக்குப் பாவத்தை அறிக்கையிடுதல் என்ற பொருளோடு, கடவுளைப் புகழ்தல் என்ற பொருளும் இலத்தீன் விவிலியத்தில் உண்டு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் புனித அகுஸ்தீனார் எழுதத் தொடங்கிய தன்வரலாற்று நூலின் பெயரில் இரண்டு பொருளும் ஒலிக்கின்றன. நம் பாட்டிமார் ‘பாவசங்கீர்த்தனம்’ என்றார்களே, அதில் உள்ள ‘சங்கீர்த்தனம்’ என்ற வடசொல்லுக்கும் முழுவதும் எடுத்துச் சொல்லுதல், புகழ்தல் என்ற இரண்டு பொருள்கள்! இன்று நாம் ‘ஒப்புரவு’ என்கிறோம். அது நல்ல சொல்தான். ஆனால் பழைய சொல்லைக் கேட்கும்போது, குற்றத்தைச் சொன்ன பிறகு அந்தப் பாட்டறையில் என் நெஞ்சில் ஏற்பட்ட இலேசான உணர்வு எனக்கு நினைவு வருகிறது.

இரண்டு: அதே வேரிலிருந்து வந்ததுதான் ‘ப்ரொஃபீத்தேயோர்’, எல்லார் முன்னிலும் வெளிப்படையாக அறிவித்தல். சகோதரிகள் துறவறத்தில் செய்யும் பிரமாணத்துக்கு இலத்தீன் பெயர் அதிலிருந்தே பிறந்தது. தமிழில் அதை ‘வார்த்தைப்பாடு’ என்கிறோம். வார்த்தையால் தன்னைக் கட்டிக்கொள்வது என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியுமா?

தங்கைகளே, நீங்கள் இலத்தீன் கற்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒரு நாளில் எத்தனையோ முறை ‘சொன்னேன்’, ‘சொன்னாள்’ என்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்குள் சுட்டுவதும், அரட்டையடிப்பதும், ஆமோதிப்பதும், மறுப்பதும், ஒப்புக்கொள்வதும் அடங்கியிருக்கின்றன. இவற்றில் எதை நீங்கள் செய்தீர்கள் என்று இரவுச் செபத்தின்போது ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். யாராவது ஒருத்தி தனியே அமர்ந்து சாப்பிட்டால், அவளுக்காகக் கைவைத்துச் சொல்ல வேண்டியவள் நீங்கள்தானா என்றும் கேட்டுப் பாருங்கள்.

நோட்டின் அந்தப் பக்கத்தில் சகோதரி எழுதியிருந்த கடைசிச் சொல் ‘பெனெதீச்செரே’. ‘நன்றாகச் சொல்லுதல்’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆசீர்வதித்தல் என்பது வழக்கு. நம் ‘ஆசீர்வாத’த்திலும் ‘வாதம்’ என்பது சொல்தான். மை அந்தச் சொல்லைத் தொடவில்லை. அந்தச் சொல்லாலேயே உங்கள் அனைவரையும் வாழ்த்தி முடிக்கிறேன்.